விட்டுப் பாடிய கண்ணி

டாக்டர் இரண்டாவது எக்ஸ்ரே படத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. தொண்டையில் வெட்டி எடுத்த நோய் நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது. "கோடைக்காலம் வரைக்கும்..." என்றபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வெளியே வந்து டாங்கா என்கிற குதிரைவண்டியில் ஏறியதும் என் கணவர் இர்தஸா மடியிலிருந்த சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "மாம்பழம் வர்ற வரைக்கும் இருப்பேன்ல? போதும்."

குரல்வளையை எடுத்த பிறகு அவருக்குப் பேச்சு இல்லை. சிலேட்டு என் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்தது. நான் லாகூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பௌதிகம் நடத்துகிறவள்.

அன்று டாங்காவில்தான் அந்த ஆசை எனக்குள் உட்கார்ந்தது. அவர் பெயரை ஒரு கூட்டத்தின் நடுவே அவர் காதால் கேட்க வேண்டும். நான் கூப்பிடுகிற பெயர் அல்ல. கவிதைக்காக அவர் வைத்துக்கொண்ட பெயர்: தஸ்தக், கதவு தட்டும் ஓசை. அதுவும் அந்தப் பாட்டிலேயே கேட்க வேண்டும், மாம்பழம் வருவதற்குள்.

எந்தப் பாட்டு என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். யார் எழுதியது என்று கேட்டால்தான் யாருக்கும் தெரியாது. அப்படி ஆனது எப்படி என்று சொல்ல, ஒரு கஸல் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு இதைச் சொல்வது மிகவும் பிடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கஸல் என்பது ஈரடிக் கண்ணிகளின் வரிசை. முதல் கண்ணியில் இரண்டு அடிகளும் ஒரே மாதிரி முடியும். கேட்பவர்களுக்கு விதி அங்கேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு கண்ணியிலும் முதல் அடி எங்கே வேண்டுமானாலும் அலையலாம். இரண்டாம் அடி மட்டும் அதே முடிவுக்குத் திரும்பி வந்தாக வேண்டும். அதனால் முதல் அடியைச் சொன்னவுடன் கூட்டம் முன்னால் சாய்கிறது. இயைபுச் சொல் என்னவாக இருக்கும் என்று ஒவ்வொருவரும் மனத்துக்குள் தேடுகிறார்கள். கண்டுபிடித்தவர்கள் கவிஞரோடு சேர்ந்தே அதைக் கூவிவிடுகிறார்கள். பிடித்துப்போனால் "முகர்ரர்!" என்று கத்துவார்கள், மறுபடியும் சொல் என்று அர்த்தம். கவிஞர் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோய் ஆதாப் என்று வணக்கம் சொல்லிவிட்டு மறுபடியும் ஆரம்பிப்பார். ஆக, இது ஒருவர் பேச மற்றவர்கள் சும்மா கேட்கிற விஷயம் அல்ல. பாதி இயந்திரம் மேடையில் இருக்கிறது, பாதி தரையில் உட்கார்ந்திருக்கிறது.

கடைசிக் கண்ணிக்கு மட்டும் தனி வேலை. அதை மக்தா என்போம். அதில் கவிஞர் தன் பெயரைத் தைத்து வைப்பார். சட்டைக் கழுத்தில் தையற்காரர் வைக்கிற சீட்டு மாதிரி. அதை வெட்டிவிட்டால் சட்டை யார் தைத்தது என்று சொல்ல வேறு வழி இல்லை.

சீருடைக்காரர்களின் ஆட்சியில், நெசவாளர் கூட்டமொன்றில் கவிதை படித்ததற்காக இர்தஸாவை உள்ளே வைத்தார்கள். வியாழக்கிழமைகளில் உணவு கொடுக்க அனுமதி. முதல் வாரம் ரொட்டி கொண்டுபோனேன். உள்ளே காகிதம் இருக்கிறதா என்று காவலர்கள் ஒவ்வொன்றையும் துண்டு துண்டாகக் கிழித்தார்கள். யோசித்துப் பார்த்தேன். கிழிக்க முடியாத உணவு எது? அடுத்த வாரத்திலிருந்து தூக்குச்சட்டியில் பருப்பும் சோறும் கலந்து கொண்டுபோனேன். குச்சியை விட்டு எவ்வளவு கிளறினாலும் சோறு சோறாகவே இருக்கும். டாங்காவுக்குக் காசு கட்டாது என்பதால் நடந்துதான் போவேன்.

ஒருநாள், அதே சிறையிலிருந்து விடுதலையான லாரி ஓட்டுநர் ஒருவர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு, நிமிர்ந்து நின்று, பார்சல் ஒப்படைப்பவர் போல இர்தஸாவின் கஸல் ஒன்றை முழுதாகச் சொன்னார். உள்ளே பேனாவும் காகிதமும் கிடையாது. இயைபு இருந்ததால் ஒரு சொல்கூடச் சிந்தாமல் வெளியே வந்துவிட்டது. ஒவ்வொரு கண்ணியும் தன் முடிவைத் தானே நினைவுபடுத்துகிறதே.

*பூட்டிய வாசலின் இடுக்கில் நுழைகிற காற்றை யார் நிறுத்துவார்?*
*பாறைக்கு அடியில் கண்விழித்திருக்கிற ஊற்றை யார் நிறுத்துவார்?*

*விளக்குகள் எல்லாம் அணைத்துவிட்டீர்கள், நல்லது, ஆனாலும்*
*ஓட்டுப் பொத்தலில் இறங்கி வருகிற கீற்றை யார் நிறுத்துவார்?*

*கரையை உயர்த்திக் கட்டிக்கொள்ளுங்கள். மலையில் மழை பெய்கிறது*
*உருண்டு புரண்டு திரண்டு வருகிற ஆற்றை யார் நிறுத்துவார்?*

கடைசிக் கண்ணியையும் சொல்லி முடித்துவிட்டு அவர் என் கைகளைப் பார்த்தார். "அந்தச் சோறு நீங்கதானா, பாபி?" என்று அண்ணியைக் கேட்பது போலக் கேட்டார். நான் தேநீர் வைக்கிறேன் என்று உள்ளே ஓடிவிட்டேன்.

குல்நார் ஆபா அந்த வாரமே அதற்கு மெட்டுக் கட்டினார். அப்போது அவர் வானொலியில் பேர்பெற்ற பாடகி. நான் அவரைவிடச் சின்னவள், அதனால் எனக்கு ஆபா, அக்கா. நான் அவருக்கு பாபி, தம்பி முறையானவரின் பெண்டாட்டி. எங்கள் வீட்டு முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு மெல்ல ஹார்மோனியம் வாசித்து அவர் பாடியபோது, இர்தஸாவின் கட்சி நண்பர் காம்ரேட் மெஹ்தி ஒவ்வொரு கண்ணிக்கும் தொடையில் தட்டினார். கடைசிக் கண்ணி வந்ததும் வாய்விட்டுச் சிரித்தார்.

"காற்று, ஊற்று, கீற்று, ஆறு, எல்லாம் சரி. கடைசியில சோறா? புரட்சி நடந்துக்கிட்டிருக்கும்போது இவன் சாப்பாட்டு நேரம் பாக்கறானே!"

"வாயை மூடுய்யா" என்றார் குல்நார் ஆபா. ஆனால் அவரே அந்தக் கண்ணியை விட்டுவிட்டுத்தான் வெளியில் பாடினார். காரணம் வேறு. அதில் பெயர் இருந்தது. உள்ளே இருக்கிறவனுக்கு இன்னும் சில வருடம் கூடுமே! போலீஸ்காரர்கள் வந்து எழுதியது யார் என்று அவரைத் துருவியபோது, "முல்தான் பக்கத்துப் பழைய பாட்டு, சாஹிப். யார் எழுதினதுன்னு அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும்" என்று சொல்லி, வெற்றிலைப் பெட்டியை அவர்கள் பக்கம் நகர்த்தினாராம். வானொலி அவருக்குக் கதவைச் சாத்தியது. பாட்டு கேசட்டில் ஏறிக்கொண்டது.

பிறகு பாட்டுக்கு நடந்ததை நான் வருடக்கணக்காகக் கவனித்திருக்கிறேன். ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று நகல் எடுக்க எடுக்க மெல்லிய ஒலிகள் தேய்ந்துபோகும். ஹார்மோனியத்தின் நெளிவுகள் போய், தாளமும் 'யார் நிறுத்துவார்' என்பதும் மட்டும் மிஞ்சின. மாணவர்கள் அதை ஊர்வலத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். 'யார்' என்றால் இடது கால், 'நிறுத்துவார்' என்றால் வலது கால். அவ்வளவு கச்சிதமாக நடைக்குப் பொருந்தியது. டோல் மேளம் சேர்ந்தது, வேகம் கூடியது. கூட்டங்களில் ஆற்றுக் கண்ணி முடிந்தவுடன் எல்லோரும் எழுந்து கைதட்டி, ஒரு பக்கம் 'யார்?' என்று கேட்க மறுபக்கம் 'நிறுத்துவார்!' என்று முழங்குவது வழக்கமாகிவிட்டது. இர்தஸா விடுதலையாகி வந்தபோது அவருடைய கவிதை அவரைவிட நன்றாகத் தெருவை அறிந்திருந்தது. சீருடைக்காரர்கள் போய்த் தேர்தலும் வந்த பிறகு, பெயரைச் சொல்ல ஒரு தடையும் இல்லை. ஆனால் அதற்குள் பாட்டு முல்தான் பக்கத்துப் பழைய பாட்டாகவே ஆகிவிட்டிருந்தது.

டாக்டரிடம் போய் வந்த அன்று மாலை நான் பேச்செடுத்தேன்.

"குல்நார் ஆபாகிட்ட கடைசிக் கண்ணியையும் பாடச் சொல்லட்டுமா?"

அவர் சிலேட்டை எடுத்தார். "வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"அடிபட்டவங்க பாட்டு அது. நான் எதுக்கு அதுல பேர்ப்பலகை மாட்டணும்?" துடைத்துவிட்டு மறுபடியும் எழுதினார். "அப்புறம், மெஹ்தி சொன்னது சரிதான். சோறு அங்க ஒட்டலை."

"ஓஹோ! தின்னும்போது ஒட்டுச்சா?"

அவருக்குச் சிரிப்பு வந்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். குலுங்கியது. ஆனாலும் 'வேண்டாம்' என்பதன் கீழே ஒரு கோடு போட்டுச் சிலேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

நான் மறுநாள் பள்ளி முடிந்ததும் நேரே குல்நார் ஆபா வீட்டுக்குப் போனேன்.

டோல் வாசிக்கும் நவாஸிஷும் அங்கே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை முகல்புராவில் ரயில்வே பட்டறைத் தொழிலாளர் கூட்டம், அதற்கு ஒத்திகை. நான் விஷயத்தைச் சொன்னேன். ஆபா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"கோடை வரைக்கும்னார்."

"யா அல்லா" என்றார் மெதுவாக. பிறகு ஹார்மோனியத்தை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். "நான் வெட்டினது, பாபி. நானே தைக்கறேன். ஆனா எங்க தைக்கறதுன்னு சொல்லு. ஆற்றுக்கு அப்புறம் ஒரு ஊசி நுழைய இடம் இருக்கா?"

பாடிப் பார்த்தோம். ஆற்றுக் கண்ணி முடிந்ததும் நவாஸிஷின் கைகள் தாமாகவே இரட்டை வேகம் எடுத்தன. ஆபா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். நிற்கவில்லை.

"என்ன நவாஸிஷ், காது அடைச்சுக்கிச்சா?"

"காது கேக்குது ஆபா. கைதான் கேக்க மாட்டேங்குது. இத்தனை வருஷமா அந்த இடத்துல ஓடியே பழகிருச்சு."

இதைத்தான் நான் எட்டாம் வகுப்புக்கு, ஓடும் பேருந்து நின்றாலும் உள்ளே இருப்பவர்கள் முன்னால் சாய்வார்கள் என்று நடத்துகிறேன். "அப்படின்னா ஆற்றுக்கு முன்னாடியே பாடிடுங்களேன், கூட்டம் உக்காந்திருக்கும்போதே" என்றேன்.

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், நான் ஏதோ தொழுகையை நடுவிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னது போல இருந்தது.

"மக்தாவை நடுவுலயா?" என்றார் ஆபா. "பேர் வந்துச்சுன்னா கவிதை முடிஞ்சுதுன்னு அர்த்தம். பாதிப் பேர் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பிச்சிருவாங்க. பௌதிகம் படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது?"

"அப்ப என்னதான் செய்யறது?"

"தெரியலை. கடைசியில பாடறேன். கேக்குதா பாப்போம். கேக்கலைன்னா என்னைத் திட்டாதே."

ஞாயிற்றுக்கிழமை வெயில் இதமாக இருந்தது. இர்தஸா கிளம்பமாட்டார் என்று பயந்தேன். அவரோ ஆட்டுரோமச் சால்வையைப் போர்த்திக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் நின்றார். ஆபா பாடும் இடத்துக்கெல்லாம் போய்ப் பின்வரிசையில் தூண் ஓரமாக உட்காருவது அவர் பழக்கம். கவிஞர் வந்திருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததுதான் அவருக்குப் பிடிக்கும்.

பட்டறை மைதானத்தில் விரிப்புகள் போட்டிருந்தார்கள். இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். நடுவில் ஒரு கயிறு. நாங்கள் பின்வரிசையில், கயிறு கட்டியிருந்த தூண் ஓரமாக, அவர் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்தோம். அவருக்கு அடுத்து மெஹ்தி வந்து சேர்ந்தார். முடி முழுக்க வெளுத்துவிட்டது, வாய் மட்டும் அப்படியே. "என்ன கவிராயரே, இன்னைக்கும் ஒளிஞ்சு உக்காந்தாச்சா?" என்று இர்தஸாவின் முழங்காலில் தட்டினார்.

பேச்சுகள் முடிந்து ஆபா மேடையேறினார். காற்றை யார் நிறுத்துவார் என்றதும் கூட்டம் 'ஹா!' என்றது. ஊற்று, கீற்று. ஒவ்வொரு இயைபையும் அவருக்கு முன்பே கூட்டம் சொன்னது. ஆற்றுக் கண்ணியின் முடிவில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். யார்? நிறுத்துவார்! யார்? நிறுத்துவார்! தரை அதிர்ந்தது. நவாஸிஷின் கைகள் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஆபா கண்ணை மூடி வாயைத் திறந்தார். உதடு அசைவதுதான் தெரிந்தது. தஸ்தக் என்ற சொல் ஒலிபெருக்கியிலிருந்து புறப்பட்டதோ இல்லையோ, அந்த முழக்கத்துக்குள் உப்புப் போலக் கரைந்துபோனது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன். இவ்வளவுதான். அவர் பாடிவிட்டார், யாருக்கும் கேட்கவில்லை. இனி இவருக்கு இன்னொரு கூட்டம் கிடையாது.

ஆனால் ஆபா இரண்டாம் அடிக்குப் போகவில்லை.

கஸல் பாடுகிறவர்களுக்கு அந்த உரிமை உண்டு. முதல் அடியைக் கூட்டம் கையில் வாங்கிக்கொள்ளும் வரைக்கும் இரண்டாம் அடியைக் கொடுக்க வேண்டியதில்லை. ஆபா முதல் அடியை மறுபடியும் பாடினார். தாளம் இல்லாமல், இழுத்து. முன்வரிசையில் இருந்த ஒருவர் கைதட்டலை நிறுத்தித் தலையைச் சாய்த்தார். தெரிந்த பாட்டில் தெரியாத வரி! பக்கத்தில் இருந்தவரும் நிறுத்தினார். அந்தப் பாட்டின் ஒவ்வொரு எழுத்தும் அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். அதனாலேயே பல வருடங்களாக யாரும் அதைக் காதால் கேட்கவில்லை, வாயால் மட்டுமே பாடினார்கள். இப்போது பாட முடியாத ஒரு வரி வந்துவிட்டது. கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை. அமைதி முன்னாலிருந்து வரிசை வரிசையாகப் பின்னால் வந்தது. பின்னால் இருந்தவர்களுக்குத் தங்கள் கைதட்டல் தனியாகக் கேட்க ஆரம்பித்தது. தனியாகக் கேட்கிற கைதட்டல் வெட்கப்பட்டு நின்றுவிடும். கூட்டத்தின் கை நின்றதும் நவாஸிஷின் கையும் நின்றது.

ஆபா மூன்றாம் முறை பாடினார்.

*தஸ்தக், உன் பேனா நின்றது, தபால் நின்றது, பேச்சும் நின்றது;*

ரயில் பட்டறையில் எங்கோ ஒரு இரும்புத் தகடு காற்றில் ஆடுகிற சத்தம் கேட்டது. அவ்வளவு அமைதி. பெயர் அதன் நடுவில் நின்றது.

இர்தஸா என்னைப் பார்த்தார். சிலேட்டில் ஒரே ஒரு சொல் எழுதினார்: "நீயா?"

நான் தலையாட்டினேன்.

எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு தொழிலாளி தன் நண்பரிடம் கிசுகிசுத்தார்: "'கூற்றை'ன்னு முடியும் பாரு. எல்லாம் நின்னுபோச்சுன்னா அடுத்தது சாவுதானே. கூற்றை யார் நிறுத்துவார், அதான்."

இர்தஸா அதைக் கேட்டுவிட்டார். அந்த மனிதரின் முதுகைப் பார்த்து இல்லை, இல்லை என்று தலையை அசைத்தார், தப்பாகக் கணக்குப் போட்ட பிள்ளையைப் பார்ப்பது போலப் புன்னகையோடு.

*வெயிலில் நடந்து சிறைவாசல் வருகிறவள்* என்று ஆபா ஆரம்பித்தார். கூட்டம் முன்னால் சாய்ந்தது. *சோற்றை யார் நிறுத்துவார்?*

ஆண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அன்று மெஹ்தி சிரித்தது போலவே. அடுத்த நொடி, என் பக்கத்திலிருந்து, கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து, ஒரு குரல் "சோற்றை யார் நிறுத்துவார்!" என்றது. கறுப்புத் துப்பட்டா போட்ட கனத்த பெண்மணி. ஏதோ ஒரு வேலைநிறுத்தத்தின்போது அவர் எந்த லாக்கப் வாசலில் நின்றாரோ, எனக்குத் தெரியாது. அவருக்குப் பின்னால் இன்னொருத்தி. பிறகு பெண்கள் பக்கம் முழுவதும். தூக்குச்சட்டி தூக்கிய கைகள் எத்தனை இருந்தனவோ அத்தனையும் மேலே உயர்ந்தன.

"முகர்ரர்!" என்றார் அந்தக் கறுப்புத் துப்பட்டாக்காரர். "ஆபா, முகர்ரர்! அந்தப் பேரோட சேத்து, மறுபடியும்!"

அப்போதுதான் பார்த்தேன். தூண் ஓரத்தில், யாரும் பார்க்காத இடத்தில், இர்தஸாவின் வலது கை சால்வைக்குள்ளிருந்து வெளியே வந்தது. நெற்றி வரைக்கும் போனது. முகர்ரர் கேட்டவர்களுக்கு மேடையிலிருந்து கவிஞர்கள் சொல்லும் அதே ஆதாப். பேச்சு போனாலும் கை மறக்கவில்லை. மெஹ்தி அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணைத் துடைத்தாரா, தெரியவில்லை. "வாஹ்" என்று மட்டும் தொண்டைக்குள் சொன்னார்.

ஆபா மறுபடியும் பெயரைப் பாடினார். இந்த முறை கூட்டமும் பாடியது. இர்தஸா மறுபடியும் கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். பிறகு கயிற்றின் இந்தப் பக்கம் திரும்பினார். நான் எதுவும் பாராட்டவில்லை, எதுவும் கேட்கவில்லை. மூக்கைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் ஒரு ஆதாப் சொன்னார்.

திரும்பும்போது டாங்காவில் சிலேட்டை எடுத்தார். கோபமாக ஏதோ வரப்போகிறது என்று நினைத்தேன்.

"குல்நார் மூணாவது தடவை 'தபால்'ல ஒரு மாத்திரை இழுத்துட்டா. ஓசை உடைஞ்சுது."

"அதை அவங்ககிட்டயே எழுதிக் காட்டுங்க. வெற்றிலை எச்சிலை மேல துப்புவாங்க."

தோள் குலுங்கியது. குலுங்கி முடித்துச் சால்வை முனையால் சிலேட்டைத் துடைத்தார். இன்னொரு தரம் எழுதி என் பக்கம் சாய்த்தார். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஒருநாளும் அவர் தாமாக எழுதாத சொல் அது.

"பசிக்குது."

டாங்காக்காரரிடம் கொஞ்சம் வேகமாகப் போகச் சொன்னேன். காலையில் வைத்த பருப்புச் சோறு மூடி வைத்தபடி வீட்டில் இருந்தது.